ஒருசாலை மாணாக்கர்

தொல்காப்பியத்திற்குச் சிறப்புப்பாயிரம் செய்தவர் பனம்பாரனார். அவர் தொல்காப்பியருக்கு ஒருசாலை மாணாக்கர் என்பது வழிவழி வந்த மரபு. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்னும் நன்னூல், பாயிரம் செய்தற்கு உரியவர்களுள் உடன் கற்றவனையும் ஒருவனாக எண்ணுகிறது. ஒருவன் எங்குத் தொடங்கினான், எவ்வாறு வளர்ந்தான் என்பதை அருகிருந்து கண்டவன் அவனே. ஆதலின் அவன் சொல் சான்றாயிற்று.

இத்தகைய சான்றின் அருமையைப் பேராக் மாநிலத் தமிழர் வரலாறு நன்கு உணர்த்துகிறது. 1877ஆம் ஆண்டிலேயே கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகள் தோட்டங்களாயின. கங்காணி முறையில் தமிழர் வந்து குவிந்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தோட்டங்களில் அப்பள்ளி ஓர் அத்தாப்புக் கொட்டகையாகவே இருந்தது. கிராணியோ எழுத்தறிந்த தொழிலாளியோ அதன் ஆசிரியர்.

கல்லூரி நட்பு ஒரு சமூகத்திற்கு என்ன செய்யும் என்பதற்கும் பேராக்கிலேயே சான்று உண்டு. மலாய் ஆசிரியர்களுக்கென 1922இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தோன்றியது. அங்குப் பயின்ற இப்ராகிம் யாக்கோப்பும் அவர்தம் கல்லூரித் தோழர்களும் 1938இல் கெசத்துவான் மெலாயு மூடா என்னும் அரசியல் இயக்கத்திற்கு முன்னின்றனர். தமிழாசிரியர்களுக்கு அத்தகைய உறைவிடக் கல்லூரி அந்நாளில் இல்லை. உயர்கல்வி நாடியவருட் சிலர் கடல் கடந்து சென்றனர். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அவர் தம் ஊரில் எழுப்பிய தமிழ்ப்பள்ளியை 1954இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார். அதன் பெயர் மகாத்மா காந்தி கலாசாலை. தொடக்கப் பள்ளிக்குக் கலாசாலை என்னும் பெயர் மிகையன்று. தோட்டத்துப் பிள்ளைகளுள் மிகப் பலருக்கு அதற்கு மேற்பட்ட கல்விச்சாலை வாய்க்கவில்லை.

ஆறாம் வகுப்பு முடிந்ததும் தோழர்கள் பிரிந்தனர். சிலர் புகுமுக வகுப்பு ஏறி, இடைநிலைப் பள்ளி கடந்து, கல்லூரி சேர்ந்தனர். பலர் விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பால்மரம் வெட்டச் சென்றனர். பெண்பிள்ளைகள் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றனர். பின்னர்த் தோட்டங்களே துண்டாடப்பட்டன. சில செம்பனைக் காடுகளாயின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்றோ அவை ஏறத்தாழ 530. பேராக்கில் மட்டும் நூற்றுமுப்பதுக்கு மேல் எஞ்சியுள்ளன. இடம் பெயர்ந்த பள்ளிகள் பல, பழைய தோட்டப் பெயரையே தாங்கி நிற்கின்றன. பெயரில் தோட்டம் இருக்கிறது, நிலத்தில் இல்லை.

இந்நிலையில், ஐம்பதைக் கடந்த பழைய மாணவர் ஈப்போவில் ஒன்றுகூடுவதைப் பொழுதுபோக்கென்று ஒதுக்குதல் ஆகாது. யாருக்குப் பேரன் பிறந்தான், யார் பணி ஓய்வு பெற்றார், யாருக்கு நீரிழிவு என்ற செய்திகள் முதலில் வரும். ஒருவர் தோட்டக்கலையில் ஈடுபட்டிருப்பார். ஒருவர் பூப்பந்து ஆடுவார். ஒருவர் பழைய நாணயம் சேர்ப்பார். அவற்றிடையே மங்கிய வகுப்புப் படம் ஒன்று வெளிவரும். மூன்றாம் வரிசையில் நிற்பவன் யார்? ஆயாக்கொட்டகை கிணற்றுக்கு எப்பக்கம் இருந்தது? இவ்வழக்காடலில் பிறப்பது வரலாறு. கலைநாட்டத்திற்குக் கூடிய கூட்டமும் கல்விப் பணி செய்யும் என்பதற்கு, இசைச் சபையின் பெயரையே தாங்கி ஈப்போவில் நிற்கும் பேராக் சங்கீத சபா தமிழ்ப்பள்ளி சான்று.

எனினும், அக்கூட்டங்களில் ஒரு குறை உண்டு. அழைப்புப் பெரும்பாலும் கல்லூரி கண்டவர்க்கே செல்கிறது. பன்னிரண்டு வயதில் பால்வாளி தூக்கியவன் அழைக்கப்படுவதில்லை. அழைத்தாலும் கூசி நிற்கிறான். ஆனால் லயத்தில் இறுதிவரை வாழ்ந்தவன் அவன். தோட்டம் விற்கப்பட்ட நாளையும் லயம் இடிக்கப்பட்ட நாளையும் கண்டவன் அவன். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுடப்பட்டதையும், 1960 வரை நீண்ட அவசரகாலத்தையும் நூல்கள் கூறும். மறுநாள் தோட்டப் பள்ளியில் மணி அடித்ததா என்பதை அங்கிருந்த பிள்ளைகளே கூற வல்லர். அவர்கள் இன்று எண்பதைக் கடந்த முதியோர். கேட்பதற்குரிய காலம் குறுகிக்கொண்டே வருகிறது.

ஆதலின், ஒன்றுகூடலுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதுவோர் கல்லூரிப் பதிவேட்டோடு நின்றுவிடாமல், தோட்டப் பள்ளியின் முதல் வகுப்பு வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்குதல் வேண்டும். தமிழாசிரியர்கள் தம் மாணவரை ஒரு சுவடியோடு அம்முதியோரிடம் அனுப்புதல் வேண்டும். பட்டம் பெற்றவனும் பால்மரம் வெட்டியவனும் ஒரே பலகையில் அமர்ந்து அகரம் எழுதியவர்கள். இடையில் நின்றுவிட்டதனால் ஒருவன் ஒருசாலை மாணாக்கன் அல்லனாகான். மறைந்த தோட்டங்களின் வரலாறு இனிமேல்தான் எழுதப்படல் வேண்டும். அதற்குப் பாயிரம் சொல்லும் உரிமை அவனுக்கும் உண்டு.