கோட்சூட்: கீழேயிருந்து மேலே போன உடுப்பு

கோட்சூட் என்றால் புலம்பெயர்ந்த எங்கட ஆக்களுக்கு இரண்டு விசயம்தான் ஞாபகம் வரும். ஒன்று கலியாணவீட்டு ரிசப்சன். மற்றது ஏஜென்சி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிக்கிட்ட எத்தனையோ பேருக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கோட் மாட்டிவிட்டவன் ஏஜென்சிக்காரன்தான். "கோட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடவும் தம்பி, பிஸ்னஸ்காரன் எண்டு நினைச்சு விட்டிடுவான்" என்று சொல்லி அனுப்புவார்கள். அது யாரோ ஒருத்தரின் அளவுக்குத் தைத்த கோட். தோள் கீழே தொங்கும், கை விரல்நுனி வரைக்கும் வரும். அப்படி வந்திறங்கி நேராகக் குசினிக்குள் போன அண்ணைமார், திரும்பக் கோட் போட்டது மகளின் சாமத்தியவீட்டில்தான்.

இப்ப அந்த அண்ணைமாரின் பிள்ளைகள் வங்கிக்கும் சட்டத்தரணி கந்தோருக்கும் வேலைக்குப் போகிறார்கள். நேர்முகத்துக்கு என்ன உடுக்கிறது என்று பெடியன் தகப்பனைக் கேட்டால், "உது வெள்ளைக்காரப் பெரிய மனுசரின்ர உடுப்படா, எங்களுக்கென்ன தெரியும், விலைகூடினதாப் பார்த்து ஒண்டை வாங்கு" என்பதுதான் பதில். நான் எழுத வெளிக்கிட்டது இந்தப் பதிலைப் பற்றித்தான். என்னுடைய கம்பஸ் படிப்பு 2006 உடன் பாதியில் நின்றுபோனது. ஆனால் பரிஸில் ரெஸ்ரோறன்றில் வேலை செய்கிறவன் என்றபடியால் தினமும் மத்தியானம் நூறு கோட்சூட்டாவது பார்க்கிறேன். குளிர்காலத்தில் கோட்டை வாங்கிக் கொளுவுகிறதும் என் வேலை. ஒரு கோட்டின் உட்புறத்தை அதைப் போடுகிறவரை விடவும் நான் வடிவாகப் பார்த்திருக்கிறேன். சரி, விசயத்துக்கு வருவம்.

மூன்றரை நூற்றாண்டுக்கு முன்னம் ஐரோப்பாவில் பெரிய மனுசர் உடுத்தது கோட்சூட் இல்லை. பட்டு, சரிகை, பொய்மயிர், குதிச் சப்பாத்து. பதினான்காம் லூயி மன்னன் சிவப்புக் குதிச் சப்பாத்தோடு நிற்கிற ஓவியத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் 1666 ஒக்ரோபரில், லண்டன் பெருந்தீ முடிந்து ஒரு மாதத்தில், இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் புதுப் பாணி ஒன்றை அறிவித்தான். முழங்கால் வரைக்கும் வருகிற உள்ளங்கி, அதுக்கு மேலே ஒரு கோட். பிரபுக்களுக்குச் சிக்கனம் படிப்பிக்க என்று காரணம் சொன்னான். சாமுவேல் பெப்பிஸ் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் ஒரு தையற்காரரின் மகன், உடுப்புப் பற்றி அவர் எழுதினால் நம்பலாம். இன்றைய வேஸ்ட்கோட்டின் தொடக்கம் அந்த உள்ளங்கிதான்.

ஆனால் உண்மையான திருப்பம் நடந்தது நான் இருக்கிற இந்த நாட்டில். 1789 மே மாதம் வேர்சாயில் மூன்று வகுப்பினரின் பேரவை கூடியது. யார் என்ன உடுக்கவேணும் என்று அரண்மனையில் இருந்து கட்டளை வந்தது. பிரபுக்களுக்குப் பொன்சரிகையும் இறகு வைத்த தொப்பியும். மூன்றாம் வகுப்புக்கு, அதாவது சட்டத்தரணிகள், வியாபாரிகள் போன்ற சாதாரண சனத்தின் பிரதிநிதிகளுக்கு, சரிகை இல்லாத வெறும் கறுப்புத் துணிக் கோட்டும் வெள்ளைக் கழுத்துத் துணியும். நீங்கள் கீழே உள்ளவர்கள் என்று காட்டத்தான் அந்தக் கறுப்பு. அதே வருடத்திலேயே தேசிய சபை அந்த உடுப்பு வேறுபாட்டை நீக்கியது. சரிகை உடுப்பு போன இடம் தெரியவில்லை. அந்தக் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துத் துணியும்தான் அடுத்த நூற்றாண்டு முழுக்க அதிகாரத்தின் உடுப்பாக நின்றது.

காற்சட்டையின் கதையும் இப்படித்தான். பிரபுக்கள் போட்டது முழங்காலோடு முடிகிற குலோத். நீளக்காற்சட்டை, அதாவது பன்ரலோன், பட்டறையிலும் துறைமுகத்திலும் வேலை செய்கிறவனின் உடுப்பு. புரட்சிக்காரரை 'சோன்-குலோத்', குலோத் இல்லாதவன், என்று கூப்பிட்டது அதனால்தான். இன்றைக்கு நீளக்காற்சட்டை போடாமல் எந்த வங்கி முகாமையாளர் கந்தோருக்குப் போவார்? ரை கட்டுகிற வழக்கமும் கூலிப்படைக் குரோசியச் சிப்பாய்கள் கழுத்தில் கட்டிய துணியில் இருந்து வந்தது. 'குறவாத்' என்ற பிரெஞ்சுச் சொல்லே குரோசியர் என்ற சொல்லில் இருந்துதான் வந்தது. காற்சட்டை தொழிலாளியுடையது, ரை கூலிச் சிப்பாயுடையது, கறுப்பு நிறம் மூன்றாம் வகுப்புடையது. இதில் பெரிய மனுசன் கொண்டுவந்தது என்ன என்று நீங்களே சொல்லுங்கோ.

நன்றாக உடுப்பது என்றால் என்ன என்பதற்கு இன்று நாங்கள் வைத்திருக்கிற அளவுகோலைக் கொண்டுவந்தவர் என்று ஒருவரைச் சொல்வார்கள். ஜோர்ஜ் பிறம்மல், 1778இல் லண்டனில் பிறந்தவர். பிரபு பரம்பரை இல்லை. தகப்பன் நோர்த் பிரபுவின் அந்தரங்கச் செயலாளர். இளவரசரின் சிநேகிதம் கிடைத்து லண்டன் முழுக்க இவரைப் பார்த்து உடுக்கத் தொடங்கியது. அப்படி என்ன செய்தார்? சரிகையை விட்டார். கடும் நீலக் கோட்டை உடம்புக்குச் சரியாகத் தைப்பித்தார். கழுத்துத் துணியை வெள்ளையாகத் தோய்த்துக் கஞ்சி போட்டுக் கட்டினார். தினமும் குளித்தார். அந்தக் காலத்தில் இது பெரிய விசயம் (சிரிக்காதேங்கோ). அளவும் துப்பரவும், இவ்வளவுதான் அவருடைய வித்தை. பிறகு சூதாடிக் கடன்பட்டு, 1816இல் இரவோடிரவாகக் கடல் கடந்து கலேக்கு ஓடிவந்தார். எங்கட பெடியள் லண்டனுக்குப் போக லொறிக்குக் காத்துநின்ற அதே கலே. இவர் எதிர்த்திசையில் வந்தவர். பிரான்சிலேயே கடனுக்காகச் சிறை போய், கான் நகரத்து மனநோயாளர் விடுதியில் 1840இல் செத்துப்போனார்.

பிறம்மலின் காலத்தோடு சேர்ந்து இன்னொரு பொருளும் பரவியது. அளவுநாடா. அதற்கு முன்னம் தையற்காரர் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கடதாசிப் பட்டியை வைத்து அதில் வெட்டுப் போட்டு அளவைக் குறித்துக்கொள்வார்கள். அங்குலம் போட்ட நாடா வந்தபிறகுதான் பல உடம்புகளின் அளவை ஒப்பிட்டு, முன்கூட்டியே தைத்து வைத்து விற்கலாம் என்ற நிலை வந்தது. 1830இல் பார்த்தெலெமி திமோனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர் தையல் மெசினுக்குக் காப்புரிமை எடுத்து, பரிஸில் 80 மெசின் வைத்து இராணுவத்துக்கு உடுப்புத் தைத்தார். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று பயந்த கைத்தையற்காரர் 1831இல் பட்டறைக்குள் புகுந்து மெசின்களை உடைத்தார்கள். திமோனியே 1857இல் ஏழையாகவே செத்தார். 1851இல் காப்புரிமை எடுத்த சிங்கர்தான் காசு பார்த்தது. எங்கட ஊரில் அம்மாமார் மிதித்த அதே சிங்கர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வரைக்கும் கந்தோருக்குப் போனது நீளக் கோட்தான். கட்டைக் கோட்டும் அதே துணியில் காற்சட்டையும் என்ற இன்றைய சூட், அப்ப ஓய்வுக்கும் நாட்டுப்புறத்துக்கும் போடுகிற உடுப்பு. முதலாம் உலகப்போருக்குப் பிறகுதான் அது கந்தோரில் நிலைத்தது. இன்னொரு பகிடியும் உண்டு. அந்தக் காலத்து இரவு விருந்துகளில் விருந்தாளிக்கும் கறுப்பு வால்கோட், பரிமாறுகிறவனுக்கும் கறுப்பு வால்கோட். யார் கனவான், யார் சேர்வர் என்று ஆளை மாறிக் கூப்பிடுவதை வைத்து லண்டன் பகிடிப் பத்திரிகைகள் நிறையக் கேலிச்சித்திரம் போட்டன.

இனி, இந்த உடுப்பைத் தைத்தவர்கள் யார்? இந்த இடத்தில்தான் கதை எங்களுக்குக் கிட்ட வருகிறது. 1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் யூதர்களுக்கு எதிராகக் கலவரங்கள் நடந்தன. வீடு எரிந்து, கடை எரிந்து, இலட்சக்கணக்கில் சனம் மேற்கே ஓடியது. எங்களுக்கு 1983 எப்படியோ அவர்களுக்கு அப்படி. பாஷை தெரியாத அகதிக்குக் கிடைத்த வேலை தையல். லண்டனின் கிழக்குப் பக்கத்திலும் வடக்கே லீட்ஸ் நகரத்திலும் காற்றில்லாத சின்ன அறைகளுக்குள் இரவு பகலாகத் தைத்தார்கள். அந்தப் பட்டறைகளின் கொடுமையை விசாரிக்கப் பிரபுக்கள் சபை 1888இல் குழு போடவேண்டி வந்தது. 1905இல் 'அந்நியர் சட்டம்' கொண்டுவந்து வருகிறவர்களைத் தடுக்கவும் தொடங்கினார்கள்.

அந்தக் கதவு மூடப்பட முன்னம், 1900இல், இன்றைய லித்துவேனியாவில் இருந்து பதினைந்து வயதுப் பெடியன் ஒருவன் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தான். பெயர் மெஷே ஒசின்ஸ்கி. செஸ்ரர்ஃபீல்ட் நகரத்தில் சின்ன உடுப்புக் கடை போட்டான். பெயரை மொன்ரேகு பேர்ட்டன் என்று மாற்றிக்கொண்டான். கடையில் அளவெடுத்து லீட்ஸுக்கு அனுப்பி, அங்கே மெசினில் தைத்துத் திருப்பி அனுப்புகிற முறையில், சாதாரண தொழிலாளியும் தன் அளவுக்குத் தைத்த சூட் போடலாம் என்றாக்கினான். ஹட்சன் றோட்டில் இருந்த அவனுடைய தொழிற்சாலையில் பத்தாயிரம் பேர் வேலை செய்தார்கள். ஒரே நேரத்தில் 8,000 பேர் இருந்து சாப்பிடக்கூடிய சாப்பாட்டுக்கூடம் அங்கே இருந்தது (எங்கட குசினி முப்பது பேருக்கே திணறும்). அகதிப் பெடியன் 1931இல் சேர் மொன்ரேகு பேர்ட்டன் ஆனார். இரண்டாம் உலகப்போர் முடிந்து இராணுவத்தில் இருந்து வீடு திரும்பிய சிப்பாய்களுக்கு அரசாங்கம் கொடுத்த சூட்டுகளில் கணிசமான ஒரு பங்கு இவருடைய தொழிற்சாலையில் தைத்தது. ஆங்கிலேயக் கனவானின் உடுப்பு என்கிறோமே, அதை ஆங்கிலேயச் சனத்துக்கே போட்டுவிட்டது ஒரு அகதி.

பரிஸிலும் இதே கதைதான், ஆனால் முடிவு வேறு. போலந்தில் இருந்தும் ரஷ்யாவில் இருந்தும் வந்து மறே, பெல்வில் பக்கம் தையல் வேலை செய்த யூதக் குடும்பங்கள் ஏராளம். 1942 யூலை 16, 17இல் பிரெஞ்சுப் பொலிஸ் வீடு வீடாகப் போய் 13,152 பேரைப் பிடித்தது. அதில் நாலாயிரத்துக்கு மேல் பிள்ளைகள். பிடிபட்டவர்களில் தையல் மெசினை விட்டு எழும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். பிறகு சொந்தியே பகுதிப் பட்டறைகளில் துருக்கியர் வந்து இருந்தார்கள். 1980இல் அந்த விசா இல்லாத துருக்கித் தொழிலாளர் உண்ணாவிரதம் இருந்துதான் பலருக்கு விசா எடுத்தார்கள். லாச்சப்பலில் இருந்து நடந்து போகிற தூரம்தான் அந்த இடம்.

எங்கட ஊரிலும் இதைப் பற்றி வாதம் நடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கச்சேரி உத்தியோகத்தர் வேட்டிக்கு மேல் கோட் போட்டார்கள், பிறகு நீளக்காற்சட்டைக்கு மாறினார்கள். ஆனந்த குமாரசுவாமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் மூலம், யோசியாமல் ஐரோப்பியரைப் பார்த்துச் செய்வதைக் கண்டித்தார். அந்த வெயிலுக்குள் கம்பளிக் கோட் போட்டவர்களைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே குளிருக்குள் இருந்து வேலை தேடுகிற பெடியன் பார்த்துச் செய்கிறான் இல்லை. அவன் தன்னைப்போல ஓடிவந்தவர்கள் தைத்த உடுப்பைத்தான் போடுகிறான்.

இனித் தம்பிமாருக்குச் சில விசயம். பிறம்மல் சொல்லாமல் சொன்னதுதான்: அளவும் துப்பரவும். கோட்டின் தோள்தையல் உன்னுடைய தோள் முடிகிற இடத்தில் முடியவேணும். தோள் சரியில்லாத கோட்டைக் கடையிலேயே விட்டுவிடு, அதைத் திருத்துகிறது கஷ்டம். கை நீளமும் இடுப்பும் திருத்தலாம். அதற்கு ஒரு நல்ல தையற்காரரிடம் கொடு. மலிவான சூட்டைத் திருத்திப் போட்டவனுக்கும், விலைகூடினதை அப்படியே போட்டவனுக்கும் உள்ள வித்தியாசம் கோட் கொளுவுகிற எனக்குத் தெரியும். கோட்டின் கைக்கு வெளியே சேட்டுக் கை ஒரு சென்ரிமீற்றர் தெரியட்டும். நேர்முகத்துக்குக் கடும் நீலம் அல்லது கடும் சாம்பல். வெள்ளைச் சேட்டு. ரையின் நுனி பெல்ற்றைத் தொட்டால் போதும். பெல்ற்றும் சப்பாத்தும் ஒரே நிறம். மேசு கணுக்காலுக்கு மேலே வரவேணும், வெள்ளை மேசு வேண்டாம். கடைசித் தெறியைப் பூட்டாதே. கைநுனியில் தைத்திருக்கிற கொம்பனி லேபிளையும், கோட்டின் பின்வெட்டில் குறுக்கே போட்டிருக்கிற நூலையும் வெட்டி எடு. எங்கட சபைகளில் லேபிளோடு எத்தனை பேர் நிற்கிறார்கள்!

கடைசியாக ஒன்று, இதை அம்மாமார் கோவிக்கக்கூடாது. கோட்டைக் குசினிக்குப் பக்கத்து அலுமாரியில் தொங்கவிட வேண்டாம். கம்பளித் துணி தாளிச்ச மணத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். உறைபோட்டு வேறு அறையில் வையுங்கோ. தாளிச்ச மணத்தில் வெட்கம் ஒன்றுமில்லை, நான் அதில்தான் சீவிக்கிறேன். ஆனால் நேர்முகத்தில் பெடியன் வாயைத் திறக்கமுதல் அவனைப் பற்றி முடிவெடுக்க யாருக்கும் ஒரு சாட்டுக் கொடுக்கக்கூடாது.

ஆகவே அண்ணைமாரே, மகன் வந்து கேட்டால் "எங்களுக்கென்ன தெரியும்" என்று சொல்லாதேங்கோ. இரண்டு பேருமாய்க் கடைக்குப் போங்கோ. தோளைப் பிடித்துப் பாருங்கோ. அவன் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற நேரத்தில் லீட்ஸ் தொழிற்சாலைக் கதையையும் ஒருக்கால் சொல்லிவிடுங்கோ.