துண்டும் சீட்டும்: தோட்டத் தொழிலாளர் சேவை ஒப்பந்தச் சட்டங்கள் பற்றிய ஒரு நோக்கு

மலையகத்து முதியோர் பேச்சில் வழங்கும் சில சொற்கள் ஒரு காலத்துச் சட்டத்தின் எச்சங்களாகும். துண்டு, பற்றுச்சீட்டு, பிரட்டு, அரைப்பெயர், செக்ரோல் என்பன அத்தகையன. நாட்டார் பாடல்களை ஆராய்வோர் இச்சொற்களுக்கு ஓரிரு வார்த்தைகளிற் பொருள் கூறிவிட்டு அப்பாற் செல்வதே வழக்கமாயிருந்து வந்துள்ளது. ஆயின் இவை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கட்டளைச்சட்டமோ, அதன் பிரிவொன்றோ, அல்லது சட்டம் கண்டும் காணாதிருந்த ஒரு நடைமுறையோ இருந்தது. வேலைக்குச் சேர்ந்த ஒருவன் எந்நிபந்தனையிற் சேர்ந்தான், எப்போது கூலி பெற்றான், எவ்வாறு விலகலாம், விலகினால் என்ன நேரும் என்னும் வினாக்களுக்கு இலங்கைத் தோட்டங்களில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வழங்கிய விடைகளை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

கோப்பிப் பயிர்ச்செய்கை விரைந்து பரவிய காலத்திலேயே, 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் சேவை ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்துவதற்கென இயற்றப்பட்டது. பின்னர் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வேலையாட்கள், கூலியாட்கள், கைவினைஞர் ஆகியோர் பற்றிய விதிகளைத் திரட்டி அமைத்தது. இச்சட்டத்தின்படி வாய்மொழியால் ஏற்பட்ட சேவை ஒப்பந்தம் மாத ஒப்பந்தமாகக் கொள்ளப்பட்டது; முறைப்படி முன்னறிவித்தல் கொடுக்கப்படாதவிடத்து அது மாதந்தோறும் தானாகவே புதுப்பிக்கப்பட்டது. எழுத்தறியாத ஒருவன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்த அளவிலேயே ஒப்பந்தக்காரனாகிவிட்டான்.

இதில் மட்டும் பெரிய கொடுமை எதுவுமில்லை எனலாம். வாய்மொழி ஒப்பந்தம் நம் நாட்டிற்குப் புதியதன்று. கவனிக்கத்தக்கது ஒப்பந்த மீறலுக்கு விதிக்கப்பட்ட விளைவேயாகும். தொழிலாளி முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கினாலோ, நியாயமான காரணமின்றி வேலைக்கு வர மறுத்தாலோ அது குற்றமெனக் கொள்ளப்பட்டது. நீதவான் முன் நிறுத்தப்பட்டு, தண்டப்பணமோ மூன்று மாதம் வரையிலான மறியலோ அவன் பெறக்கூடும். தொழில்கொள்வோன் கூலி கொடாது விட்டாலோ அது பெரும்பாலும் கொடுக்கல்வாங்கல் பற்றிய வழக்காகவே கருதப்பட்டது. கடன் நிலுவைக்காக வழக்கிடுவது போலத் தொழிலாளி தன் கூலிக்காக வழக்கிட வேண்டும். ஒப்பந்தம் ஒன்றே, அதனை மீறினால் ஒருவனுக்குச் சிறை, மற்றவனுக்குக் கணக்குத் தீர்த்தல். மலையகத்துத் தொழிற்சட்ட வரலாறு முழுவதையும் இவ்வொரு வேறுபாட்டிலிருந்து விளங்கிக்கொள்ளலாம் என்பது எமது கருத்து.

இவ்வேறுபாடு இலங்கையில் தோன்றியதன்று. இங்கிலாந்தில் வழங்கிய எசமானர் வேலையாள் சட்டங்களிலிருந்து வந்ததே அது. ஆனால் இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டிலேயே சாதாரண சேவை ஒப்பந்த மீறலுக்குச் சிறை விதிப்பது நீக்கப்பட்டுவிட்டது. தன் நாட்டுத் தொழிலாளிக்கு ஒவ்வாதெனக் கண்ட சட்டத்தை அரசாங்கம் இங்கே மேலும் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் பேணிவந்தது. தோட்டத்துரைமாரின் செல்வாக்கு இதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. முற்பணம் கொடுத்துத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டவன் நீங்கிவிட்டால் அப்பணம் நட்டமாகும் என்பதே அவர்கள் எப்போதும் கூறிய நியாயம்.

அம்முற்பணம் யாருடையது என்று பார்த்தல் வேண்டும். தோட்ட நிருவாகம் பெரிய கங்காணிக்குப் பணம் கொடுக்கும். கங்காணி தன் ஊரிலும் அயலூர்களிலும் ஆள்திரட்டி, அவர்களின் கடனை அடைத்து, வழிச்செலவு கொடுத்து அழைத்து வருவான். தோட்டத்தை அடைந்தபோது தொழிலாளி ஒரு நாளும் வேலை செய்யாத நிலையிலேயே கடனாளியாக இருந்தான். இதன் பின்னர் பங்கீட்டு அரிசியின் விலை, கம்பளி, திருவிழாச் செலவு, மணச்செலவு, மரணச்செலவு யாவும் அக்கணக்கிலே ஏறின. கணக்கு கங்காணியின் கையில் இருந்தது. தொழிலாளி தன் கடன் எவ்வளவென அறிந்திருந்தான் என்று கொள்வதற்கு இடமில்லை. இக்கடன் தனியொருவனுடைய கடனாக மட்டும் இருக்கவுமில்லை. கங்காணி தோட்டத்துக்குக் கொடுக்கவேண்டிய மொத்தத் தொகையின் பகுதியாகவும் அது விளங்கியது.

இந்நிலையிலேதான் துண்டு என்பது தோன்றுகின்றது. கங்காணியும் அவனுடைய ஆட்களும் வேறு தோட்டம் செல்ல விரும்பினால், துரை ஒரு கடதாசித் துண்டில், இன்ன தொகை செலுத்தப்படின் இக்கூட்டத்தாரை விடுவிக்கச் சம்மதம் என எழுதிக் கொடுப்பார். கங்காணி அத்துண்டை எடுத்துக்கொண்டு ஆள் தேவைப்படும் தோட்டங்களைத் தேடிச் செல்வான். புதிய தோட்டத்துத் துரை அத்தொகையைச் செலுத்திக் கூட்டத்தைப் பெற்றுக்கொள்வார். பல வேளைகளில் மேலும் ஒரு முற்பணத்தைக் கங்காணி தனக்கெனப் பெற்றுக்கொள்வான். அதுவும் அம்மக்களின் பெயரிலேயே எழுதப்படும். ஆகவே ஒரு கூட்டம் எத்தனை தோட்டம் மாறியதோ அத்தனை தடவை அதன் கடன் வளர்ந்தது. கடனை அடைப்பதற்கென ஏற்பட்ட சீட்டு கடனைப் பெருக்கும் கருவியாயிற்று. ஆட்களை விலைக்கு விற்பதோடு இதனை ஒப்பிட்டுக் கூறினோர் அக்காலத்திலேயே இருந்தனர். சட்டப்படி அது விற்பனையன்று. எனினும் துண்டைக் கையில் வைத்திருந்த கங்காணிக்கும் அதனை வாங்கிய துரைக்கும் இவ்வேறுபாடு எவ்வளவு தூரம் தெரிந்திருக்கும் என்பது வேறு வினா.

கங்காணியை வெறும் கொடியவனாகச் சித்திரிப்பது இன்று எளிதான வழக்கமாகிவிட்டது. அவன் பெரும்பாலும் தொழிலாளரின் ஊரவன். பல வேளைகளில் உறவினனும் ஆவான். வேலைக்கு வந்த ஒவ்வொரு பெயருக்கும் இத்தனை சதம் என்று தோட்டம் அவனுக்குக் கொடுத்தமையால், ஆட்கள் நோயுற்று வராதிருப்பது அவனுக்கும் நட்டமே. துரையிடம் அவர்களுக்காகப் பேசியவனும் அவனே. அவனை அவ்விடத்தில் நிறுத்திய ஒழுங்கை விட்டு ஆளை மட்டும் பழிப்பது வரலாறாகாது.

கோப்பியின் வீழ்ச்சி, கூலி நிலுவை என்னும் பிரச்சினையை வெளிக்கொணர்ந்தது. 1869இல் முதன்முதற் காணப்பட்ட இலைநோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளிற் கோப்பித் தோட்டங்களை அழித்தது. 1884இல் ஓறியன்றல் வங்கி முறிந்தது. உரிமையாளர் கைவிட்ட தோட்டங்களில் தொழிலாளருக்குப் பல மாதக் கூலி நிலுவையாய் நின்றது. ஈட்டுக்காரரோ தோட்டத்தைக் கைப்பற்ற முனைந்தனர். அவ்வாண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தொழிலாளரின் கூலியைத் தோட்டத்தின் மீதான முதற் பொறுப்பாக்கியது. ஈடு வைத்தவனுக்கு முன் உழைத்தவனுக்கு என்னும் இக்கொள்கை, பிற்காலத்துச் சட்டங்கள் பலவற்றிலும் நேர்மையானது எனலாம்.

தொடர்ந்து 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனியாக இயற்றப்பட்டது. மாத ஒப்பந்தமும் மாத முன்னறிவித்தலும் இதில் நிலைபெற்றன. மாதக் கூலி அம்மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுக்கப்படவேண்டும் என விதிக்கப்பட்டது. இதனை ஒரு பாதுகாப்பு எனப் பாராட்டியோர் உளர். முன்னர் எல்லையே இல்லாதிருந்தமையின் ஒருவகையிற் பாதுகாப்பே. எனினும் சனவரி மாத உழைப்புக்கான கூலி மார்ச் முடியும் வரை துரையின் கையில் இருக்கலாம் என்பதும் அதன் பொருளாகும். இடைக்காலத்தில் உண்பதற்கு அரிசியைத் தோட்டத்திலேயே கடனாகப் பெறல் வேண்டும். கடன் தொடர்ந்து நிற்பதற்குச் சட்டமே வழிசெய்தது.

1901ஆம் ஆண்டளவில் தகரச் சீட்டு முறை புகுந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறிக்கப்பட்ட தகரத் துண்டொன்றை அணிந்தவன், வழியிற் பணம் செலவிடாது குறித்த தோட்டத்தை வந்தடைவான். செலவு பின்னர்க் கணக்கிற் சேரும். 1904இல் தோட்டத்துரைமார் சங்கத்தின் முயற்சியால் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணைக்குழு அலுவலகம் நிறுவப்பட்டது. இவற்றை விரித்துரைப்பது இங்கு வேண்டற்பாலதன்று.

சிறைத் தண்டனையை எதிர்த்து எழுந்த குரல்களிற் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தினுடையது முதன்மையானது. 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தையும் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தையும் அவர் அமைத்தார். சிவில் சேவையில் உயர்பதவி வகித்தும், நீதித்துறையிற் பணியாற்றியும் அனுபவம் பெற்ற ஒருவர், இச்சட்டங்கள் நீதிமன்றில் எவ்வாறு செயற்பட்டன என்பதை அறிந்தே பேசினார். இந்தியாவிலும் வெளிநாட்டுத் தொழிலாளரின் நிலை அரசியற் பிரச்சினையாக வளர்ந்திருந்தது. ஆட்களை அனுப்பமாட்டோம் என்று இந்திய அரசாங்கம் கூறிவிடலாம் என்னும் அச்சம் இங்குள்ள துரைமாரைச் சீர்திருத்தத்துக்கு இணங்கச் செய்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஒப்பந்த மீறலுக்கான தண்டனைப் பிரிவுகளும் 1922ஆம் ஆண்டளவில் நீங்கின. 1923ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் ஆள்திரட்டும் செலவைத் துரைமார் செலுத்தும் ஒரு பொது நிதியத்தின் மேற் சுமத்தியமையால், புதிதாக வருபவன் கடனின்றியே தோட்டத்துட் புகுந்தான். அதே ஆண்டில் தொழிற் பகுதி தோன்றியதும், இந்திய அரசாங்கத்தின் முகவர் கண்டியில் அமர்ந்ததும் குறிப்பிடத்தக்கன.

இதற்கடுத்த படி 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமாகும். 1929ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கீழ்நாட்டில் முறையே 50, 40, 30 சதம். அரிசி புசல் ஒன்றுக்கு 6 ரூபா 40 சதம் என்னும் விலைக்கு மேற்படாது வழங்கப்படல் வேண்டும் என்பதும் இக்கணக்கோடு இணைந்திருந்தது. கூலிக்கு ஒரு கீழெல்லை உண்டு என்று சட்டம் முதன்முதல் ஏற்றுக்கொண்டமை சிறிய காரியமன்று. ஆனால் அக்கீழெல்லை, ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கே பெண்ணுக்குரியது என்பதையும் உடன் சட்டமாக்கிவிட்டது. கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்களே என்பதை எண்ணும்போது இதன் பொருள் விளங்கும். இவ்வேற்றுமை நீங்க 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டம் இருந்தது, அதனை யார் அறிந்திருந்தார்? கட்டளைச்சட்டங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, செக்ரோலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. கூலி நாளில் துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் அறிந்ததைத் தொழிலாளி அறியான். இவ்விடத்திற் கோ. நடேசையரின் பணி விதந்துரைக்கத்தக்கது. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்த அவர், தொழிலாளரின் உரிமைகளைத் தமிழில் எழுதி வெளியிட்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் அவற்றையே பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். தோட்டத்துள் வெளியார் புகுவது அத்துமீறலாகக் கொள்ளப்பட்ட நாளில், புடவை வியாபாரி வேடத்தில் நடேசையர் லயங்களுக்குச் சென்றார் என்று கூறப்படுகின்றது. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச்சட்டம் சங்கங்களுக்குச் சட்ட நிலை அளித்தது. ஆனால் தோட்ட வாயில் அதனாற் திறந்துவிடவில்லை. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் சூட்டுக்கு இரையானான்.

துண்டு போயினும் பற்றுச்சீட்டு நின்றது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவனுக்குக் கொடுக்கப்பட்ட அச்சீட்டு வேலையோடு வீட்டையும் பறித்தது. லயத்து அறை வேலையின் பகுதி. வேலை போனால் அறையும் போகும். கணவனுக்குச் சீட்டுக் கொடுக்கப்படின் மனைவியும் உடன் வெளியேற வேண்டியிருந்தது. நகரத்திற் கடைச்சிப்பந்தி வேலை இழப்பதற்கும் தோட்டத்தில் ஒருவன் வேலை இழப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவாகும். சங்கத்திற் சேர்ந்தவனை அச்சுறுத்த இதனிலும் சிறந்த கருவி வேறில்லை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குச் சட்டமும், 1957ஆம் ஆண்டின் திருத்தத்தால் ஏற்பட்ட தொழில் நியாயசபைகளுமே, வேலைநீக்கம் நியாயமானதா என்று விசாரிக்கக் கோரும் வாய்ப்பைத் தனியொரு தொழிலாளிக்குத் தந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாட்டின் பிரசைகள் அல்லரென ஒதுக்கப்பட்ட மக்கள், தொழிலாளர் என்ற வகையில் அந்நியாயசபை முன் நின்று வழக்குரைக்க முடிந்தது என்பது இவ்வரலாற்றின் ஒரு விசித்திரம்.

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தாலும், பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தாலும் ஏற்பட்டன. பின்னையதன்படி ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாது சேவை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் கூலி வீதம் உரித்தாகும். ஆண்டுகளை எண்ணுவதற்குச் சான்று வேண்டும்; அச்சான்று தோட்டப் பதிவேடு. முன்னர் ஒருவனைக் கட்டிவைத்த பெயர்ப்பதிவே இப்போது அவன் உரிமைக்கு ஆதாரமாயிற்று. ஆனால் அப்பெயர்கள் ஆங்கில எழுத்தில், கேட்டவர் காதுக்கு எட்டியவாறு எழுதப்பட்டவை. இராமாயி ஓரிடத்தில் இராமாயியாகவும் வேறிடத்தில் இரமாயாகவும் நிற்பாள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் மற்றொன்று. முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவர், இவ்விரு பெயருக்கும் உரியவர் தாம் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு தொழில் அலுவலகத்தின் முன் வரிசையில் நிற்பதை இன்றும் காணலாம்.