மஞ்சள் நீரும் முத்திரையிட்ட கோப்பும்

தேசவழமை என்றதும் எம்மவர் நினைவுக்கு வருபவை முதுசமும் சீதனமும் தேடியதேட்டமுமே. சுவீகாரத்துக்கும் அதில் ஒரு பகுதி உண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ரொறன்ரோவில் வாழும் நாம் அப்பகுதியை மீண்டும் வாசிக்கவேண்டும் என்பது என் கருத்து.

யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பரிசீலித்தனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர். அத்தொகுப்பின்படி, பிறர் பிள்ளையைத் தம் உரித்தாளராக்க விரும்புவோர் சகோதரரதும் நெருங்கிய உறவினரதும் சம்மதத்தைப் பெறவேண்டும். சம்மதித்தவர் மஞ்சள் நீரில் விரல் தோய்க்க, சுவீகாரப் பெற்றோர் அந்நீரைக் குடிப்பர். ஊர் நாவிதரும் சலவைத் தொழிலாளியும் சாட்சிகள். பிள்ளை வளர்ப்போரின் உரித்தைப் பெறும். பெற்றோரின் உரித்தை இழக்கும்.

இது முதன்மையாகச் சொத்தைப் பற்றிய சடங்கு. விரல் தோய்த்தவர் தனக்கு வரக்கூடிய பங்கை விட்டுக்கொடுக்கிறார். பிள்ளையின் நலன் அங்கு பேசுபொருளல்ல. சாட்சிகளோ சாதியொழுங்கின் குடிமைமுறைக்குக் கட்டுண்டவர்கள். இவ்வளவு குறைகளுக்கும் மத்தியில் ஒரு நன்மை இருந்தது: எல்லாம் பகிரங்கமாக நடந்தது. பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை ஊர் அறியும், பிள்ளையும் அறியும்.

ஒன்ராறியோ வேறு வழியில் சென்றது. 1921இல் சுவீகாரச் சட்டம் வந்தது. 1927இலிருந்து கோப்புகள் முத்திரையிடப்பட்டன. பிள்ளையைக் காப்பதற்கென்று வந்த சட்டம் பிள்ளையின் பூர்வீகத்தை அப்பிள்ளையிடமே மறைத்தது. கோப்புகளைத் திறக்க 2005இல் இயற்றிய சட்டத்தை 2007 செப்டெம்பரில் உயர்நீதிமன்றம் செல்லாதாக்கியது. அந்தரங்கத்துக்கான உரிமையை அது மீறுகிறது என்பது தீர்ப்பு. 2008இல் திருத்திய சட்டம் பிறந்தது. 2009 ஜூன் முதல் வளர்ந்த பிள்ளை தன் பிறப்புப் பதிவைக் கேட்டுப் பெறலாம். 2008 செப்டெம்பருக்கு முந்திய சுவீகாரமாயின் மற்றத் தரப்பு அதைத் தடுக்கவும் முடியும்.

எம்மிடையே நிலைமை வேறு. போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சித்தியும் மாமாவும் வளர்த்தனர். 'எங்கட பிள்ளை' என்ற சொல்லே பத்திரமாயிற்று. மஞ்சள் நீருமில்லை, நீதிமன்ற ஆணையுமில்லை. இங்கு மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், முறைப்படி சுவீகரித்த பிள்ளை பெற்ற பிள்ளைக்குச் சமம். வெறுமனே வளர்த்த பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லை. தங்கிவாழ்ந்தவர் என்ற வகையில் பராமரிப்புக் கேட்டு அது வழக்காடலாம். ஆனால் அது பிள்ளை என்ற முறையில் வரும் பங்கல்ல. ஆணையின்றி வளர்ப்போரும் சட்டத்தின் கண்ணில் பெற்றோராகார்.

சொந்தத்துக்குள் கடதாசி எதற்கு, அது இறந்த தாய் தகப்பனின் பெயரை அழிப்பதாகாதா என்று கேட்பவர்கள் உளர். நியாயமான அச்சம்தான், சுவீகார ஆணை பிறப்புறவைச் சட்டரீதியாகத் துண்டிக்கிறது. அதை விரும்பாதவர் மரணசாசனமாவது எழுதிவைக்கலாம். ஆணை பெற்றவரோ பிள்ளைக்கு அதன் கதையைச் சொல்லலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. பத்திரமும் வேண்டும், பகிரங்கமும் வேண்டும். இரண்டில் ஒன்றையேனும் கொடுக்காமல் பாசத்தை மட்டும் கொடுத்தால், வளர்த்தவரின் மரணத்தோடு அந்தப் பிள்ளை இரண்டாவது தடவையும் அநாதையாகும்.