இரண்டாவது பெட்டரி எதற்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. வளர்ந்த பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் நேரம் எடுத்துக் கட்டாயம் வாசியுங்கள்.

வேப் என்றால் பேனா மாதிரி ஒரு சின்னச் சாமான் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். லீவில் ஊருக்கு வருகிற சில தம்பிமாரின் கையில் இப்போது இருப்பது வேறு. உள்ளங்கை அளவில் பாரமான ஒரு பெட்டி. மூடியைத் திறந்தால் டோர்ச்சுக்குப் போடுகிற மாதிரி இரண்டு பெட்டரி. "சேர், ஒரு பெட்டரி உள்ளது பின்னேரம் ஆகும்போது செத்துப்போகுது. இது நாள் முழுக்க நிக்கும். டெய்லி பாவிக்க இதுதான் நல்லம்" என்கிறார்கள். "வாங்கலாமா?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள், நெஞ்சு நோவென்றால் டொக்டரிடம் போங்கள். நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் எங்கள் பாடத்தில் கேட்கும் கேள்வி மூன்று. இதை யார் செய்தார்கள்? யாருக்காகச் செய்தார்கள்? எந்தக் குறையைத் தீர்க்கச் செய்தார்கள்? இந்தப் பெட்டியிடமும் அதையே கேட்டுப் பார்ப்போம்.

*பழக்கம் "டெய்லி" ஆனது எப்போது?*

புகையிலை பழைய சாமான். ஆனால் ஒரு மனிதன் காலையில் எழும்பியதிலிருந்து படுக்கும்வரை மணிக்கொரு தரம் புகைப்பது அவ்வளவு பழையதல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சிகரெட்டைக் கையால்தான் சுற்றினார்கள். 1881இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பொன்சாக் என்ற இளைஞர் சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 10 மணித்தியாலத்தில் ஏறக்குறைய 120,000 சிகரெட். அதை வாடகைக்கு எடுத்துப் போட்ட டியூக் என்ற முதலாளிக்குப் புதுப் பிரச்சினை ஒன்று வந்தது. இவ்வளவையும் யார் புகைப்பது? விலையைக் குறைத்தார், விளம்பரத்தைக் கூட்டினார். நாளாந்தப் பழக்கம் அப்படித்தான் பரவியது. முதலில் இயந்திரம் வந்தது, "தேவை" அதற்குப் பின்னால் வந்தது.

பிறகு பயம் வந்தது. 1950இல் பிரித்தானியாவில் டோல், ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினார்கள். கம்பனிகள் என்ன செய்தன? சிகரெட்டின் நுனியில் பில்டர் வைத்தன. 1952இல் கென்ட் என்ற சிகரெட் "பாதுகாப்பான பில்டர்" என்ற பெயரோடு வந்தது. அந்தப் பில்டருக்குள் 1956 வரை இருந்தது அஸ்பெஸ்டஸ். அதுவே புற்றுநோயை உண்டாக்கும் பொருள். பாதுகாப்பு என்று காசு கொடுத்து வாங்கியவன் இரண்டு நஞ்சை ஒன்றாக இழுத்தான்.

1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி புகைத்தல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று அறிக்கை வெளியிட்டார். அதன் பிறகு "லைட்", "மைல்ட்" சிகரெட்டுகள் பெருகின. புகைத்தவர்கள் கூடுதலாக உறிஞ்சி, ஆழமாக இழுத்து, பழைய அளவு நிக்கோட்டினையே எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் அந்தச் சொற்களைப் பெட்டியில் போடுவதற்குத் தடை வந்தது 2010இல்தான்.

ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றுதான். பயத்துக்குப் பதிலாகப் புதுச் சாமான் வந்தது. அடிமைத்தனம் மட்டும் அப்படியே இருந்தது.

*மின்சாரம் உள்ளே வருகிறது*

புகையிலையை எரிக்காமல் மின்சாரத்தால் ஆவியை இழுக்கும் யோசனை புதிதல்ல. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹேர்பேர்ட் கில்பேர்ட் 1963இல் அதற்கு விண்ணப்பித்து 1965இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அது கடைக்கு வரவில்லை. சின்னதாகவும் வேண்டும், சூடாக்கும் அளவுக்குப் பலமாகவும் வேண்டும், திரும்பத் திரும்பச் சார்ஜ் பண்ணவும் வேண்டும். அப்படியொரு பெட்டரி அந்தக் காலத்தில் இல்லை.

அதைத் தந்தது வேறொரு துறை. 1991இல் ஜப்பானின் சோனி கம்பனி லித்தியம் அயன் பெட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கமராவும் லெப்டொப்பும் போனும் நம் கைக்கு வந்தது அதனால்தான். அதற்கு அடித்தளமிட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது.

2003இல் சீன மருந்தாளர் ஹொன் லிக் அந்தப் பெட்டரியை வைத்து இன்றைய இலத்திரனியல் சிகரெட்டை உருவாக்கினார். அவரும் புகைப்பவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். அவரது நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2013இல் அந்தக் காப்புரிமைகளை 75 மில்லியன் டொலருக்கு வாங்கியது யார் தெரியுமா? இம்பீரியல் டொபாக்கோ என்ற சிகரெட் கம்பனி.

*ஒன்று ஏன் இரண்டானது?*

முதலில் வந்தவை சிகரெட் அளவுதான். அதற்குள் அடங்கும் பெட்டரியும் சின்னது, சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பாவித்தவர்கள் அதைப் பொறுக்கவில்லை. 2008 அளவில் பிரித்தானியாவில் டோர்ச் உடலுக்குள் பெரிய பெட்டரி போட்டு, மேலே வேப் முனையைப் பொருத்தினார்கள். "மொட்" என்ற வகை அங்கிருந்து தொடங்கியது. பிறகு 18650 என்ற பெட்டரி இதற்குப் பொதுவானது. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் என்பதுதான் அந்த இலக்கத்தின் பொருள். அதன் பிறகு அதில் இரண்டு போடும் பெட்டி வந்தது.

இரண்டு போட்டால் இரண்டு மடங்கு நேரம் நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஓ.எல். பிள்ளையும் செய்யக்கூடிய ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பெட்டரி 3.6 வோல்ட், 3 அம்பியர் மணி என்று வைப்போம். அதில் உள்ள சக்தி 10.8 வாட் மணி. 10 வாட் எடுக்கும் சின்னக் கருவியில் அதைப் போட்டால் ஏறக்குறைய 65 நிமிடம் எரியும். ஒரு இழுவை 3 செக்கன் என்றால் 1,300 இழுவை அளவில் வரும்.

இரண்டு பெட்டரியில் 21.6 வாட் மணி. ஆனால் பெரிய பெட்டியை 10 வாட்டில் யாரும் பாவிப்பதில்லை. 75 வாட் வைத்தால், அதாவது வீட்டுச் சீலிங் ஃபேன் எடுக்கிற அளவு வைத்தால், 17 நிமிடத்தில் முடிந்துவிடும். இழுவை 345.

பெட்டரி இரட்டிப்பானது, இழுவை நாலில் ஒரு பங்காகிவிட்டது! மிச்சமெல்லாம் பெரிய புகை மண்டலத்துக்குப் போனது. "நாள் முழுக்க நிற்கும்" என்ற கதையின் நிலை இதுதான். பெட்டரி பெரிதாகப் பெரிதாகப் புகையும் பெரிதானது. பிறகு அந்தப் புகைக்கு அந்தப் பெட்டரியும் போதாமல் போனது. 200 வாட் என்று எழுதிய பெட்டிகள் வந்தது அதனால்தான்.

*சட்டைப் பைக்குள் இருப்பது என்ன?*

கணக்கைக் கையோடு முடித்துவிடுவோம். ஓமின் விதி ஞாபகம் இருக்கிறதா? அழுத்த வித்தியாசத்தைத் தடையால் பிரித்தால் மின்னோட்டம். முழுச் சார்ஜில் ஒரு பெட்டரி 4.2 வோல்ட். பெரிய புகைக்காகச் சுருளின் தடையை 0.2 ஓம் ஆகக் குறைத்து நேரடியாக இணைத்தால் ஓட்டம் 21 அம்பியர். 20 அம்பியருக்கு மேல் தாங்காத பெட்டரிகள் நிறைய உண்டு. நல்ல கருவியில் இதைக் கட்டுப்படுத்தும் சுற்று இருக்கும். மலிவுச் சாமானிலும் கையால் பொருத்தியதிலும் அதை நம்ப முடியாது.

இரண்டு பெட்டரி தொடராக இணைந்த கருவியில் இன்னொரு சிக்கல். இரண்டும் ஒரே வகை, ஒரே வயது, ஒரே சார்ஜில் இருக்க வேண்டும். ஒன்று பழசு, மற்றது புதுசு என்றால் பலவீனமானது முதலில் வெறுமையாகும். பலமுள்ளது அதற்குள்ளால் ஓட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது சூடாகும், வாயு வரும், வெடிக்கவும் கூடும். பழைய லெப்டொப்பிலிருந்து கழற்றிய பெட்டரியையும் கடையில் வாங்கிய ஒன்றையும் சேர்த்துப் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2009 முதல் 2016 வரை ஊடகங்களில் வந்த செய்திகளை அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்தது. இலத்திரனியல் சிகரெட் தீப்பிடித்த, வெடித்த சம்பவங்கள் 195. அவற்றில் காயம் 133. 61 சம்பவங்களில் கருவியோ மேலதிக பெட்டரியோ இருந்தது சட்டை அல்லது காற்சட்டைப் பைக்குள். சாவியும் சில்லறையும் இருக்கிற பைக்குள் தனிப் பெட்டரியைப் போட்டால் இரண்டு முனையும் தொடுபட்டுத் தீப்பிடிக்கலாம். 2015இலிருந்து சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இந்தக் கருவிகளைப் பாரமேற்றும் பொதிக்குள் வைப்பதைத் தடுத்திருப்பதும் தீக்குப் பயந்துதான்.

*எதிர்த் திசையில் ஒரு தீர்வு*

பெரிய பெட்டி ஒரு பக்கம் வளரும்போது, 2015இல் அமெரிக்காவில் ஜூல் என்ற கருவி வந்தது. யூ.எஸ்.பி. அளவு, சின்னப் பெட்டரி. புகையைக் குறைத்து நிக்கோட்டினைக் கூட்டினார்கள். நிக்கோட்டினோடு அமிலம் சேர்த்து உப்பாக்கினால் தொண்டை எரியாமல் அதிக அளவை இழுக்கலாம். பாடசாலைப் பிள்ளைகளிடம் அது காட்டுத்தீ மாதிரிப் பரவியது. 2018 டிசம்பரில் மார்ல்போரோ கம்பனியின் உரிமையாளரான ஆல்ட்ரியா, ஜூலின் 35 வீதத்தை 12.8 பில்லியன் டொலருக்கு வாங்கியது.

பெரிய பெட்டியும் சின்ன ஜூலும் பார்வைக்கு எதிரும் புதிரும். இரண்டும் தீர்த்த பிரச்சினை ஒன்றுதான்: பாவிப்பவனுக்கு நிக்கோட்டின் இடையில் அறுந்துபோகக் கூடாது.

*நியாயமாகவும் கதைப்போம்*

வட்ஸ்அப்பில் சுற்றுகிற எல்லாம் உண்மையில்லை. 2019இலிருந்து 2020 பெப்ரவரி வரை அமெரிக்காவில் 2,800க்கு மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்பால் வைத்தியசாலையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். அதற்குப் பெரும்பாலும் காரணம் கஞ்சாச் சாறு கலந்த திரவத்தில் இருந்த விற்றமின் ஈ அசற்றேற்று. சாதாரண நிக்கோட்டின் வேப்பின் தலையில் அதைக் கட்டுவது சரியல்ல.

2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, வேப் சிகரெட்டைவிட 95 வீதம் தீங்கு குறைந்தது என்று சொன்னதும் உண்மை. ஆனால் யாரிடம் சொன்னது? சிகரெட் புகைத்து அதை விட முடியாமல் தவிக்கும் வளர்ந்தவர்களிடம். அங்கே நிக்கோட்டின் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, தாங்கி 2 மில்லிலீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் உண்டு. தீயிலிருந்து வெளியே வர ஒருவனுக்குக் கொடுத்த ஏணி அது. வெளியே நிற்கிற பிள்ளை அதில் ஏறி உள்ளே போவதற்கு அல்ல.

நம் நாட்டின் நிலை வேறு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 2016இல் வந்த ஒழுங்குவிதிகள் புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்கின்றன. அதனால் இங்கே கைமாறுகிற சாமானுக்கு யாருடைய பரிசோதனையும் இல்லை. குப்பியில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று கேட்பதற்கும் ஆளில்லை.

*என் மதிப்பீடு*

கருவியாகப் பார்த்தால்: பெட்டரி மட்டும் 90 கிராம் அளவு பாரம். சோடி மாறாமல் கவனிக்க வேண்டும், பையில் வைக்கப் பயப்பட வேண்டும். கூட்டிய வாட்டில் பாவித்தால் நாள் முழுக்கவும் நிற்காது. நாளாந்தப் பாவனைக்கு நல்ல சாமான் என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது.

வரலாறாகப் பார்த்தால்: போனுக்குப் பெரிய பெட்டரி தேடுகிறோம், ஏனென்றால் போனில்லாமல் வேலை நின்றுவிடும். வேப்புக்கு இரண்டாவது பெட்டரி தேடுகிறவனுக்கு எந்த வேலை நிற்கிறது? அவன் வாங்குவது, பின்னேரம் வரக்கூடிய அந்த இரண்டு மூன்று மணித்தியாலத் தவிப்பை மூடி மறைக்கும் ஒரு சாமான். அந்தத் தவிப்புத்தான் "உனக்கு இது பழகிவிட்டது" என்று உடம்பு தரும் செய்தி. முதல் பெட்டரி செத்துப்போவது கருவியின் குறையல்ல. நிறுத்தலாமா என்று யோசிக்க ஒரு நாளில் கிடைக்கும் ஒரே இடைவெளி அது.

தம்பிமாரே, இதுவரை தொடாதவர்கள் தொடவே வேண்டாம். வளரும் மூளைக்கு நிக்கோட்டின் கூடாது. சிகரெட்டை விட முயல்கிறவர்கள் பெரிய பெட்டிக்குப் போகாமல் வைத்தியரிடம் போங்கள். 1948 இலக்கத்துக்கு அழைத்தாலும் புகைத்தலை நிறுத்த ஆலோசனை கிடைக்கும்.

வாப்பாமாரே, உம்மாமாரே, மகனின் பையில் இப்படி ஒரு பெட்டரியைக் கண்டால் முதலில் சத்தம் போடாதீர்கள். பக்கத்தில் இருத்தி, "நாளைக்கு எத்தனை தரம் இழுக்கிறாய்? இது இல்லாமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும்?" என்று கேளுங்கள். அவன் வாயால் வரும் அந்த மணித்தியாலக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். இந்த வாரம் இரண்டு மணித்தியாலம் என்றால் அடுத்த வாரம் மூன்று. அந்த இடைவெளி கூடக்கூடப் பிள்ளை நம் பக்கம் திரும்பி வருகிறான்.