மாதிரி ஜெட் விமானமும் டெக்கால் ஒட்டும் கலையும்

அச்சிட்ட படத்தைத் தாளிலிருந்து வேறொரு பரப்புக்கு மாற்றும் தொழில்நுட்பம் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பீங்கான் தொழிலில் வளர்ந்தது. 1750களில் இங்கிலாந்தின் லிவர்பூலில் சுவர் ஓடுகள் இம்முறையில் அணிசெய்யப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் இது வீட்டுப் பொழுதுபோக்காகப் பரவியது.

1936இல் பிரிட்டனின் ஃப்ராக் நிறுவனம் 1:72 அளவில் பிளாஸ்டிக் மாதிரி விமானங்களை வெளியிட்டது. 1950களில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் அவற்றை மலிவாக்கியது. இம்மாதிரிகளில் நாட்டுச் சின்னங்களை ஒட்ட, அதே படமாற்று முறையில் அமைந்த, நீரில் நனைத்து நகர்த்தும் டெக்கால் நிலைபெற்றது. தாள், நீரில் கரையும் பசை, மையைத் தாங்கும் மெல்லிய அரக்குப் படலம் ஆகியவையே அதன் அடுக்குகள்.

ஜெட் விமான மாதிரிகளில் டெக்கால் ஒட்டுவதில் சிக்கல்கள் இருந்தன. எஃப்-4 ஃபேன்டம் விமானத்தின் மூக்கில் வரும் சுறாவாய்ப் படம் வளைவில் மடிந்துவிடும். சொரசொரப்பான வண்ணப்பூச்சின் மேல் படலத்தின் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் மினுங்கும். இதைத் தவிர்க்க முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசும் வழக்கம் வந்தது. படலத்தை இளக்கும் திரவங்களும் விற்பனைக்கு வந்தன. அவற்றைத் தடவியதும் படம் சுருங்கும். தொடாமல் விட்டால், உலர்கையில் தகட்டு இணைப்புக் கோடுகளில் படிந்துவிடும். இறுதியாகப் பூசும் மங்கல் வார்னிஷ் படத்தின் விளிம்பை மறைக்கிறது.