'ஊசிதான் போட்டாச்சே': கர்ப்பிணிகளின் கக்குவான் இருமல் தடுப்பூசி ஏன் விட்டுப்போகிறது?

விக்ரோலியில் கன்னம்வார் நகரிலோ பார்க்சைட்டிலோ இருக்கும் உங்கள் வீட்டில் ஒருவர் கர்ப்பமாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கக்குவான் இருமல் ஊசி போட்டாச்சா என்று கேட்டால், "ஊசிதான் போட்டாச்சே" என்பார். தாய்-சேய் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது 'டிடி'. அது டெட்டனஸ், தொண்டை அடைப்பான் இரண்டுக்கும்தான். கக்குவானையும் சேர்த்துத் தடுப்பது 'டிடேப்' என்ற வேறு ஊசி. அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கிடைப்பது டிடி மட்டுமே. டிடேப்பைக் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். பயத்தைவிட இந்தக் குழப்பமே பெரிய தடை என்று தோன்றுகிறது.

குழந்தைக்குத்தான் போடுகிறோமே?

போடுகிறோம். ஆனால் முதல் பென்டாவேலன்ட் ஊசியே 6-வது வாரத்தில்தான். அதுவரை குழந்தைக்கு இருப்பது அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மட்டுமே. பச்சைக் குழந்தைக்கு இருமல்கூட வராமல் போகலாம். திடீரென மூச்சு நின்று உடம்பு நீலமாகும். தொற்று பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களின் 'சாதாரண' இருமலிலிருந்தே வருகிறது.

2012-ல் இங்கிலாந்து, வேல்ஸில் கக்குவான் இருமலால் 14 குழந்தைகள் இறந்தன. அந்த அக்டோபரில் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். பிறந்த குழந்தைகளுக்குச் சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது.

கர்ப்பத்தில் ஆபத்தில்லையா?

இதில் உயிருள்ள கிருமி இல்லை. பிரிட்டனில் ஊசி போட்ட சுமார் 20,000 கர்ப்பிணிகளை ஆராய்ந்தபோது, குழந்தை இறந்து பிறப்பது அதிகரித்ததாகத் தெரியவில்லை. கைவலி, லேசான காய்ச்சல் வரலாம். "எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று கேட்கும் பாட்டியிடம், அந்தக் காலத்துக் கக்குவானைப் பற்றியே கேளுங்கள். மறந்திருக்க மாட்டார்.

எப்போது?

மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபாக்ஸி சொல்வது 27 முதல் 36 வாரம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும். நமக்குச் சிக்கலே இங்கேதான். வளைகாப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் நேரமும் அதுவே. ஊரில் போடுவார்கள் என்று மும்பை டாக்டரும், மும்பையிலேயே போட்டிருப்பார்கள் என்று ஊர் டாக்டரும் நினைத்தால், நடுவில் ஊசி விட்டுப்போகும்.

எனவே ரயில் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். மராத்தியில் இதை 'டாங்க்யா கோக்லா' என்பார்கள். இரண்டாவது டிடிக்குப் பதிலாக டிடேப் போடலாமா என்றும் கேளுங்கள். போட்டால், தேதியோடு ஃபைலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.