காப்பியும் கள்ளும் ஒன்றா?

மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் பாட்டிக்கு ஏகாதசி தோறும் மண்டையிடி வரும். பட்டினி, வெயில், பித்தம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். அன்றைக்கு அவள் காப்பியும் தொடமாட்டாள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. போன மாதம் இங்கே நியூஜெர்சியில் நானே காப்பியை விட்டுப் பார்த்தபோதுதான் (இரண்டே நாள், சிரிக்காதீர்கள்!) விளங்கியது.

17-ஆம் நூற்றாண்டில் பாபா புடன் ஏமனிலிருந்து ஏழு கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டதாக ஐதீகம். அந்தக் காப்பி வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தபோது எல்லாரும் ஆரத்தி எடுக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அதைக் குடிப்பழக்கத்தோடு சேர்த்துத் திட்டினார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்துப் பாருங்கள்.

திட்டியது சரியா? பாதி சரி. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேரும். "போய்ப் படு" என்று சொல்வது அதுதான். கஃபீன் அதன் ஏற்பிகளில் போய் உட்கார்ந்து சேதியை மறித்துவிடுகிறது. தெம்பெல்லாம் தருவதில்லை, களைப்பை மறைக்கிறது, அவ்வளவே. அந்த ஏற்பிகளில் ஒரு வகை, டோபமின் ஏற்பியை ஒட்டியிருந்து அதை அடக்கி வைக்கும். பிடி தளர்ந்ததும் முதல் மடக்கில் அந்த சுகம்! தினமும் மறித்தால் மூளை ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்ளும். ஒருநாள் காப்பி நின்றால் ரத்தக்குழாய்கள் விரிந்து மண்டை பிளக்கும்.

2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இந்த அவஸ்தையைப் பட்டியலில் சேர்த்தது. காப்பிக்கு அடிமையாவதை மட்டும் மேலும் ஆராயவேண்டும் என்று தள்ளிவைத்தது. கோகைன் மாதிரி அது டோபமினைக் கொட்டுவதில்லையே.

துவாதசி விடியற்காலையில், பாரணைக்கு இலை போடுமுன் பாட்டி கேட்பது டிகாக்ஷன் இறங்கிவிட்டதா என்றுதான்.